மாடலுக்கு முகம், நிதித்துறைக்கு அறிமுகம்: இந்தக் கணக்கு சரிதானா?

வாசகர் கேள்வி – ஜனவரி 8, காலை

கடன் மதிப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேறு நிறுவனத்துக்கு மாற முயன்று வருகிறேன். எங்கே விசாரித்தாலும் "உள்ளே யாரையாவது தெரியுமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கருத்தரங்கு, தொழில்முறைச் சங்கக் கூட்டம், லிங்க்ட்இன் என்று அலைந்து அலுத்துவிட்டது. என் சித்தி மகள் மாடலிங் செய்கிறாள். அவளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. உயரம் இருக்கிறது, முகம் இருக்கிறது, வேலை தானாக வருகிறது. படித்துப் பரீட்சை எழுதித் திறமையைக் காட்ட வேண்டிய துறையில் ஆள் தெரிய வேண்டும் என்கிறார்கள். திறமையே கேட்காத துறையில் முகம் போதும் என்கிறார்கள். இது என்ன நியாயம்?

ஜனவரி 8, மாலை

நியாயத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் தகவலே பிசகு. மாடலிங்கில் ஆள் தெரிய வேண்டாம் என்று சொன்னது யார்? உங்கள் தங்கை சொல்லியிருக்க மாட்டார். கடைசியாகக் கிடைத்த வேலை யார் மூலம் வந்தது என்று அவரிடமே கேளுங்கள். ஏஜென்சியில் உட்கார்ந்து மாடல்களுக்கு வேலை பிடித்துத் தருகிற ஒரு புக்கரின் பெயரைச் சொல்வார். அந்தப் புக்கர் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்கிறார்? நீங்கள் அலுத்துக்கொள்கிற அதே வேலையைத்தான். ஃபோனைக் கீழே வைக்காமல் நாலு பேரிடம் நல்லவிதமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். உங்கள் தங்கைக்காக அதைச் செய்ய ஓர் ஆள் இருக்கிறார், உங்களுக்கு இல்லை.

ஜனவரி 8, இரவு

"வரலாற்று ஆதாரம் உண்டா, வாய்க்கு வந்ததைச் சொல்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. முதல் மாடலிலிருந்தே தொடங்கலாம்.

பாரிஸில் காஜெலின் என்றொரு துணிக்கடை. மரி வெர்னே அங்கே விற்பனைப் பெண். அங்கேயே வேலை பார்த்த இங்கிலாந்துக்காரர் சார்லஸ் ஃபிரெடரிக் வொர்த். வாங்க வருபவர்களுக்குச் சால்வையைப் போர்த்திக் காட்டுவது மரியின் வேலை. சால்வை எடுப்பாகத் தெரியட்டும் என்று வொர்த் அவருக்கு எளிமையான கவுன்களைத் தைத்துக் கொடுத்தார். வந்தவர்கள் சால்வையை விட்டுவிட்டுக் கவுனை விலை கேட்டார்கள். பிறகு இருவருக்கும் திருமணம் ஆனது. 1858-இல் வொர்த் ஒரு பங்காளியைச் சேர்த்துக்கொண்டு ரூ த லா பேயில் சொந்தக் கடை திறந்தார். முதல் தொழில்முறை மாடல் என்று மரியைத்தான் பலரும் சொல்கிறார்கள்.

நமக்கு வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. கடை திறந்தாயிற்று, பெரிய இடத்து வாடிக்கையாளர் இல்லை. மரி வரைபட ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்திரியத் தூதரின் மனைவியான இளவரசி பவுலின் மெட்டர்னிக்கின் வீட்டுக்குப் போனார். ஆல்பம் பணிப்பெண் கைக்குப் போய், அங்கிருந்து இளவரசி கைக்குப் போனது. பாரிஸில் ஓர் ஆங்கிலேயன் பெண்களுக்கு உடை தைப்பதா என்று இளவரசிக்கு முதலில் இளக்காரம். ஆல்பத்தைத் திறந்ததும் அது போய்விட்டது. தைத்து வாங்கிய உடையோடு அவர் அரண்மனை விருந்துக்குப் போனார். பிரான்ஸின் பேரரசி யூஜெனி அதைப் பார்த்து, யார் தைத்தது என்று விசாரித்தார். அதன் பிறகு வொர்த் ஆள் தேடி அலையவில்லை.

மரி பேரரசியைத் தேடிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பேரரசியின் கண்ணில் படப்போகிற ஒருவரைத் தேடிப் போனார். நம் கருத்தரங்குகளில் என்ன நடக்கிறது? பேச்சு முடிந்ததும் மேடையை விட்டு இறங்குகிற தலைமை நிதி அதிகாரியை முப்பது பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய கணக்குகளைத் தயாரிக்கிற மேலாளர் ஓரமாகத் தனியாக நிற்கிறார்.

ஜனவரி 9

"மாடலிங் பற்றிய பேச்சு என்று நினைத்து வந்தேன், எக்செல்லில் மூன்று அறிக்கைகளை இணைப்பது எப்படி?" என்று கேட்டவருக்கு: இது கணக்குகளை வைத்து எதிர்காலத்தைக் கணிக்கிற அந்த நிதி மாடலிங் இல்லை. ஆனால் இருந்து படியுங்கள், உங்களுக்கும் வேலை தேட வேண்டிய நாள் வரும்.

ஜனவரி 11

தணிக்கையில் இருந்த காலத்தில் ஒரு மாடலிங் ஏஜென்சியின் வரவேண்டிய பாக்கிகளைச் சரிபார்க்கப் போயிருக்கிறேன். எங்களுக்கு இடம் ஒதுக்கியது புக்கர்களின் மேசைக்குப் பக்கத்தில். இன்வாய்ஸைப் பார்ப்பதா, அவர்கள் பேசுவதைக் கேட்பதா என்று தெரியாத அளவுக்கு அங்கே சுவாரசியம்.

சுவரில் மாடல்களின் காம்போசிட் கார்டுகள் வரிசையாக இருந்தன. முன்பக்கம் ஒரு முகம். பின்பக்கம் மூன்று நான்கு படங்கள், உயரம், அளவுகள், காலணி அளவு, கண்ணின் நிறம். கீழே ஒரு தொலைபேசி எண். அந்த எண் ஏஜென்சியுடையது. மாடலின் எண் கார்டில் எங்கும் இல்லை. அத்தனை முகங்களுக்கும் ஒரே எண்.

அதைவிட முக்கியம், ஃபோனில் அவர்கள் பேசிய பேச்சு. "அழகாக இருப்பாள்" என்று ஒரு புக்கரும் சொல்லி நான் கேட்கவில்லை. படம்தான் எதிர்முனையில் இருக்கிறதே, அதைச் சொல்ல ஆள் எதற்கு? "காலை ஆறு மணி என்றால் ஐந்தே முக்காலுக்கு வந்து நிற்பாள். போன மாதம் குளிர்ந்த தண்ணீரில் நிற்கவைத்தார்கள், முகம் சுளிக்கவில்லை. உதவியாளர்களிடம் மரியாதையாகப் பேசுவாள்." இப்படித்தான் பேசினார்கள். கார்டில் அச்சிட முடியாத சங்கதிகள் மட்டும்.

நம் துறையிலும் தற்குறிப்பில் தேர்ச்சி, பட்டம், நிறுவனம் எல்லாம் இருக்கிறது. காலாண்டு முடிவின்போது இரவு பதினொரு மணிக்குக் கணக்கு ஒத்துவராமல் போனால் இந்த ஆள் என்ன செய்வான் என்பது அதில் இல்லை. "உள்ளே யாரையாவது தெரியுமா?" என்ற கேள்வியைச் சலுகை தேடுகிற கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறோம். பாதி நேரம் அது இந்தப் பதினொரு மணிக் கேள்விதான்.

ஜனவரி 11, சற்றுப் பிறகு

மீதிப் பாதி நேரம் அது சலுகைதான். அதை மறுக்கவில்லை. யாரும் அதற்காகச் சண்டைக்கு வர வேண்டாம்.

ஜனவரி 13

ஏஜென்சி என்ற ஏற்பாடு எப்படி வந்தது என்று கேட்டவருக்கு.

தொடக்கத்தில் மாடல் என்பவர் உடை நிறுவனத்தின் ஊழியர். லண்டனில் லூசில் என்ற பெயரில் தொழில் நடத்திய லேடி டஃப் கோர்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேடை, இசை, அழைப்பிதழ் எல்லாம் வைத்து மாடல்களை நடக்கவிட்டார். அவர்களுக்குப் புதுப் பெயர்களையும் அவரே சூட்டினார். சொந்தப் பெயரே வெளியே தெரியாதவருக்குச் சொந்தத் தொடர்பு எங்கிருந்து வரும்?

1923-இல் நியூயார்க்கில் ஜான் ராபர்ட் பவர்ஸ் ஏஜென்சி தொடங்கினார். அவர் வேலையில்லாத நடிகர். தன்னைப் போன்றவர்களின் படங்களையும் அளவுகளையும் ஒரு பட்டியலாகத் தொகுத்து, புகைப்படக்காரர்களுக்கும் விளம்பரக்காரர்களுக்கும் அனுப்பினார். உடை நிறுவனத்தின் கையில் இருந்த தொடர்பு ஏஜென்சியின் கைக்கு வந்தது. 1990 ஜனவரியில் பிரிட்டிஷ் வோக் ஃபேஷன் இதழின் அட்டையில் நவோமி கேம்பல், லிண்டா எவாஞ்சலிஸ்டா, டாட்யானா பாடிட்ஸ், கிறிஸ்டி டர்லிங்டன், சிண்டி க்ராஃபர்ட் ஐவரையும் பீட்டர் லிண்ட்பெர்க் சேர்த்து எடுத்த படம் வந்தபோது, மாடலின் பெயரே சரக்காகிவிட்டது. இன்றைக்கு மாடலைத் தேர்ந்தெடுக்கிற காஸ்டிங்கில், இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று கேட்கிறார்கள். தொடர்புப் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை வைத்தே இந்தத் தொழிலின் வரலாற்றைச் சொல்லிவிடலாம்.

நம் பக்கத்திலும் அதே இழுபறி உண்டு. முதலீட்டு ஆலோசகர் வேலை மாறினால் வாடிக்கையாளர் பட்டியல் யாருக்குச் சொந்தம்? அமெரிக்காவில் இதற்காக வழக்குமேல் வழக்கு போட்டுக்கொண்டார்கள். கடைசியில் 2004-இல் மெரில் லிஞ்ச், ஸ்மித் பார்னி, யுபிஎஸ் ஆகிய மூன்று நிதி நிறுவனங்களும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. விலகிப் போகிற ஆலோசகர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், கணக்கின் பெயர் ஆகியவற்றை எடுத்துப் போகலாம். வேறு காகிதம் எதையும் தொடக்கூடாது. பிறகு ஏராளமான நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. கையெழுத்திடாத நிறுவனத்தில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தை நிதானமாகப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஜனவரி 14

இதை எழுதாவிட்டால் தூக்கம் வராது. ஐலீன் ஃபோர்டும் அவர் கணவர் ஜெரியும் 1946-இல் தொடங்கிய ஏஜென்சி எப்படிப் பெரிதானது என்று நினைக்கிறீர்கள்? அழகைக் கண்டுபிடிக்கும் கண் என்பார்கள். இருக்கலாம். ஆனால் மாடல்களை அங்கே இழுத்தது பணம் கைக்கு வந்த வேகம்.

அந்தக் காலத்தில் வேலை முடிந்து வாடிக்கையாளரிடமிருந்து பணம் வர மாதக்கணக்கில் ஆகும். ஃபோர்டு ஏஜென்சியில் வவுச்சர் முறை இருந்தது. படப்பிடிப்பு முடிந்ததும் மாடல் அந்த வவுச்சரில் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி வருவார். ஏஜென்சி கமிஷனைக் கழித்துக்கொண்டு அந்த வாரமே பணம் கொடுத்துவிடும். வாடிக்கையாளரிடம் வசூலிப்பது ஏஜென்சியின் தலைவலி.

நிதித்துறைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? சுத்தமான ஃபாக்டரிங். பாக்கியை முன்கூட்டியே பணமாக்கிக் கொடுத்து, வசூல் அபாயத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்ட நிறுவனம். மற்ற ஏஜென்சிகளும் பிறகு இதே வழிக்கு வந்தன.

ஜனவரி 16

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். தங்கையிடம் கேட்டாராம். அவர் ஏஜென்சியின் கணக்கு அறிக்கையைக் காட்டினாராம். சோதனைப் படங்கள், கார்டு அச்சு, பயணம், பகிர்ந்து தங்கிய அறையின் வாடகை என்று எல்லாம் முன்பணமாக ஏறி, வந்த வருமானத்தில் கழிந்து, நிலுவை இன்னும் மைனஸில் நிற்கிறதாம்.

இது விதிவிலக்கு இல்லை, இந்தத் தொழிலின் வழக்கமே இப்படித்தான். பேர் வாங்கித் தருகிற பத்திரிகைப் படங்களுக்குக் கூலி அற்பம். பணம் தருகிற கேட்டலாக் வேலைக்குப் பேர் இல்லை. முதலாவதைச் செய்து, அதைக் காட்டிப் பெரிய விளம்பர ஒப்பந்தம் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் பிடிப்பதில்லை. கமிஷனும் இரண்டு பக்கமும் போகிறது: மாடலின் கூலியில் 20 சதவீதம் பிடிப்பதும், வாடிக்கையாளரிடம் அதற்குமேல் இன்னொரு 20 சதவீதம் சேவைக் கட்டணம் வாங்குவதும் பெரிய சந்தைகளில் சாதாரணம்.

முந்தாநாள் ஃபோர்டு தம்பதியைப் பற்றி ஆரவாரமாக எழுதினேன். அந்த முன்பணம் அன்றைக்கு மாடலைக் காப்பாற்றியது. அதே முன்பணம் இன்றைக்கு மாடலைக் கட்டிப்போடவும் செய்கிறது. கடன் கொடுக்கிறவனே வேலையும் பிடித்துத் தருகிறான் என்றால் பேரம் பேசும் தெம்பு எங்கிருந்து வரும்? கடன் மதிப்பீட்டில் இருப்பவர் நீங்கள், இதைச் சொல்ல நான் தேவையில்லை. தங்கையின் அறிக்கையை உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் ரசீது கேட்கச் சொல்லுங்கள்.

ஜனவரி 18

இப்போது உங்கள் அலைச்சலுக்கு வருகிறேன்.

1973-இல் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறிய தொழில்முறை, தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களிடம் அவர் விசாரித்திருந்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6. அரிதாக என்றவர்கள் 27.8. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். இருவரும் ஒரே வட்டத்தில்தானே சுற்றுகிறீர்கள்? வேறு வட்டத்தில் இருப்பவர்தான் புதுச் செய்தி கொண்டுவருகிறார்.

2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதையே லிங்க்ட்இன்னில் சோதித்தது. சுமார் 2 கோடிப் பேர், ஐந்தாண்டுத் தரவு. வேலை மாற்றத்துக்கு மிகவும் உதவியது ஓரளவு பலவீனமான தொடர்புகள். அறவே தெரியாதவர்களோ ஒட்டி உறவாடுபவர்களோ அந்த அளவுக்கு உதவவில்லை. பொதுவான நண்பர்கள் சிலர் இருக்க வேண்டும், நிறைய இருக்கக் கூடாது. ஆகவே ஆயிரம் பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வீண். பழைய நிறுவனத்தில் பக்கத்துப் பிரிவில் இருந்து, எப்போதோ விலகிப்போன ஆள் யார் என்று யோசியுங்கள்.

ஜனவரி 18, இரவு

வழியில் ஒரு வேடிக்கை. 1973-ஐத் தேடிப் பார்த்தால் எல்லாம் அந்த ஆண்டிலேயே நடந்திருக்கிறது. ஏப்ரலில் சிகாகோவில் ஆப்ஷன்களுக்கென்றே, அதாவது பங்கைக் குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ தருகிற உரிமைகளுக்கென்றே, சந்தை திறந்தது. அதே ஆண்டில் ஆப்ஷனுக்கு விலை வைக்கும் பிளாக்–ஷோல்ஸ் சமன்பாடு அச்சில் வந்தது. மாடல் லாரன் ஹட்டன் ரெவ்லான் அழகுசாதன நிறுவனத்துடன் பிரத்தியேக ஒப்பந்தம் போட்டதும் அப்போதுதான். நவம்பரில் வெர்சாய் அரண்மனையில் ஐந்து பிரெஞ்சு வடிவமைப்பாளர்களும் ஐந்து அமெரிக்கர்களும் ஒரே மேடையில் மோதினார்கள். அரண்மனையைச் சீரமைக்க நிதி திரட்டும் விழா அது. அமெரிக்க அணியில் கறுப்பின மாடல்கள் பலர் நடந்தார்கள், அன்றைய இரவைத் தட்டிச் சென்றதும் அவர்கள்தான்.

ஆப்ஷன் என்றதும் நினைவுக்கு வருகிறது. மாடலிங்கிலும் ஆப்ஷன் உண்டு. அந்த ஏஜென்சியில் புக்கரின் அட்டவணையில் ஒரே மாடலின் ஒரே தேதியில் பென்சிலால் மூன்று பெயர்கள் எழுதியிருந்ததைப் பார்த்து, இரட்டைப் பதிவு என்று குறித்துக்கொண்டேன். புக்கர் சிரித்துவிட்டு விளக்கினார். முதல் ஆப்ஷன், இரண்டாம் ஆப்ஷன், மூன்றாம் ஆப்ஷன். முதல் ஆள் உறுதிசெய்தால் மாடல் அவருக்கு. விடுவித்தால் அடுத்தவருக்கு. கடைசி நிமிடம்வரை யாரும் எதுவும் சொல்லாமலும் இருக்கலாம்.

பிரீமியம், அதாவது இந்த உரிமைக்கு விலை, எவ்வளவு என்று கேட்டேன். பிரீமியமா என்றார். மாடலின் நேரத்தின்மீது கால் ஆப்ஷன், அதாவது வாங்கும் உரிமை, வைத்துக்கொள்கிறார்கள், அதற்குச் சல்லிக்காசு கொடுப்பதில்லை. பிளாக்கும் ஷோல்ஸும் பார்த்திருந்தால் அழுதிருப்பார்கள்.

வேலை தேடுகிறவர்களிடமும் இதையேதான் செய்கிறார்கள். "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது" என்றால் நீங்கள் யாருடைய இரண்டாம் ஆப்ஷனாகவோ இருக்கிறீர்கள் என்று பொருள். மற்ற இடங்களைத் தேடுவதை நிறுத்தாதீர்கள்.

ஜனவரி 21

புக்கரும் பரிந்துரைக்கிறவரும் ஒன்று என்பது போல் எழுதிக்கொண்டு போகிறேன், அது முழுக்கப் பொருந்தாது என்று மூத்த வாசகர் ஒருவர் சொல்கிறார். ஒத்துக்கொள்கிறேன். புக்கருக்குக் கமிஷன் உண்டு. பத்து மாடலில் ஒன்று சோடை போனாலும் ஒன்பது பேர் சம்பாதித்துக் கொடுப்பார்கள். உங்களைப் பரிந்துரைக்கிற பழைய சக ஊழியருக்கு என்ன கிடைக்கும்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. நீங்கள் சொதப்பினால் அவர் பெயர் கெடும். லாபம் பூஜ்யம், நஷ்டம் கணிசம். அதனால்தான் தயங்குகிறார். "கொஞ்சம் சொல்லிவையுங்களேன்" என்ற செய்திக்குப் பதில் வராதது திமிரால் அல்ல.

வேலைவாய்ப்பு ஆலோசகர்களைப் புக்கர் என்று நினைத்துவிடவும் வேண்டாம். அவர்களுக்குக் கட்டணம் தருவது வேலை கொடுக்கிற நிறுவனம், ஆகவே அவர்கள் அந்தப் பக்கத்து ஆள். நல்லவர்கள் இருக்கிறார்கள், பழகுங்கள், ஆனால் சம்பள எதிர்பார்ப்பில் உங்கள் அடிமட்ட எண்ணை முதல் பேச்சிலேயே அவிழ்த்துவிடாதீர்கள்.

ஜனவரி 23

கசப்பான விஷயம் ஒன்றையும் பேசியாக வேண்டும். நிதித்துறையில் அறிமுகம் என்பது ஓர் எல்லையைத் தாண்டினால் சிறைக்குப் போகும் பாதை. மாடலிங்கில் அடுத்த பருவத்துக்கு எந்த நிறுவனம் யாரைத் தேடுகிறது என்று ஒருவர் முன்கூட்டியே காதில் போட்டால் அதற்குப் பெயர் நல்ல மனசு. பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் காலாண்டு முடிவை ஒருவர் முன்கூட்டியே காதில் போட்டால் அதற்குப் பெயர் குற்றம்.

அமெரிக்காவின் காலியன் முதலீட்டு நிதியத்தை நடத்திய ராஜ் ராஜரத்தினம் 2009-இல் கைதாகி, 2011-இல் தண்டனை பெற்றார். அந்த வழக்கில் ரகசியம் வந்த வழி எது? அவரோடு பிசினஸ் பள்ளியில் படித்தவர், இயக்குநர் குழுவில் இருந்த நண்பர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர். அதாவது நாம் எல்லோரும் வளர்க்கச் சொல்கிற அதே வகைத் தொடர்புகள். பதிவுசெய்யப்பட்ட தொலைபேசிப் பேச்சுகளே அவருக்கு எதிராக நின்றன.

குற்றம் என்று சொல்ல முடியாத நிழல் பகுதியும் உண்டு. கோஹன், ஃப்ராஸினி, மல்லாய் மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, நிதி மேலாளர்கள் தாங்கள் படித்த பல்கலைக்கழகத்திலேயே படித்தவர்கள் இயக்குநர்களாக இருக்கிற நிறுவனங்களில் அதிகப் பணம் போடுகிறார்கள், அந்தப் பங்குகளில் நன்றாகவும் சம்பாதிக்கிறார்கள் என்று காட்டியது. தொடர்புள்ள பங்குகளுக்கும் தொடர்பற்றவற்றுக்கும் ஆண்டுக்கு 7.8 சதவீதம்வரை வித்தியாசம். அந்த லாபம் நிறுவனச் செய்திகள் வெளியாகும் நாட்களை ஒட்டியே குவிந்திருந்தது. அமெரிக்காவில் நிறுவனங்கள் சிலருக்கு மட்டும் செய்தி சொல்வதைத் தடுக்கும் விதி 2000-இலேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சங்கக் கூட்டத்தில் யாராவது நெருக்கமாகி, "உங்கள் வாடிக்கையாளர் நிறுவனம் எப்படிப் போகிறது?" என்று இயல்பாகக் கேட்டால், பேச்சை மாற்றுங்கள். நாம் கைமாற்றிக்கொள்ளத் தகுந்தது ஒருவரைப் பற்றிய மதிப்பு மட்டும்தான். இன்னார் ஒழுங்காக வேலை செய்வார் என்று சொல்லலாம். இன்ன நிறுவனம் கடனைக் கட்டப்போவதில்லை என்று சொல்லக் கூடாது. பேச்சை மாற்றத் தெரிந்த ஆளை நம்பித்தான் அடுத்தவர் பரிந்துரைக்கிறார் என்பதும் உண்டு.

ஜனவரி 24

"அப்படியானால் கூட்டத்தில் எதைத்தான் பேசுவது?" பொதுவெளியில் வந்ததைப் பேசுங்கள். புதிய கணக்கியல் விதி, வட்டி விகிதம், நீங்கள் பயன்படுத்துகிற மென்பொருளின் அழிச்சாட்டியம். கடைசியானதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கூட்டம் முடியவே முடியாது.

ஜனவரி 29

சரி, நடைமுறைக்கு ஒன்று. மாடல்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது அலங்காரப் படங்கள் நிறைந்த போர்ட்ஃபோலியோவை அல்ல. டிஜிட்டல்ஸ் என்று ஒன்று கேட்பார்கள். பழைய நாளில் போலராய்டு. ஒப்பனை கூடாது, சாதாரண உடை, வெறும் சுவர், ஜன்னல் வெளிச்சம், முன்பக்கம், பக்கவாட்டு, முழு உயரம். திருத்தம் எதுவும் செய்யாத படம். வாடிக்கையாளர் முதலில் பார்க்க விரும்புவது அதைத்தான். எவ்வளவு பெரிய மாடலானாலும் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நிதித்துறை ஆள் கையில் அப்படி என்ன இருக்கிறது? தற்குறிப்பு முழுக்க ஒப்பனை. "பல்துறைக் குழுக்களை வழிநடத்தி" என்று ஆரம்பிக்கிற வாக்கியத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். நீங்கள் கடன் மதிப்பீட்டாளர். பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் மதிப்பீடு எழுதுங்கள். இந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பேனா, எவ்வளவு, எந்த நிபந்தனையில், எது நடந்தால் தூக்கம் கெடும். அலுவலகக் கோப்பு எதையும் தொடக் கூடாது. வெளியான தகவல் மட்டும்.

பிறகு பழைய சக ஊழியருக்கு இந்த மாதிரி எழுதுங்கள்: "உற்பத்தி நிறுவனங்களுக்கான கடன் மதிப்பீட்டில் இருக்கிறேன். நிறுவனத்தின் பணத்தையும் கடனையும் கவனிக்கிற கருவூலப் பிரிவுக்கு மாற விரும்புகிறேன். நான் எழுதிய ஒரு பக்கக் குறிப்பை இணைத்திருக்கிறேன். படித்துப் பார்த்து, உங்களுக்குச் சரி என்று பட்டால் மட்டும் உங்கள் கருவூல மேலாளருக்கு அனுப்பிவையுங்கள்." அவர் அதை அப்படியே முன்னனுப்பலாம், ஒரு வரிகூடச் சேர்க்க வேண்டாம். படித்துவிட்டு அனுப்புவதால் அவருடைய பயமும் குறைகிறது. மெட்டர்னிக் வீட்டில் கைமாறிய ஆல்பமும் இதே வேலையைத்தான் செய்தது.

பிப்ரவரி 3

தங்கை விஷயத்தில் சட்டம் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நியூயார்க் மாநிலத்தில் ஃபேஷன் தொழிலாளர் சட்டம் 2024 டிசம்பரில் கையெழுத்தாகி 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. மாடல்களை நிர்வகிக்கும் நிறுவனங்கள் பதிவுசெய்துகொள்ள வேண்டும். கமிஷன் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தங்களின் நகலை மாடலுக்குக் கொடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவால் மாடலின் டிஜிட்டல் நகலை உருவாக்கவோ பயன்படுத்தவோ தனியாக எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவனம் மாடலின் நலனுக்காகவே நடக்க வேண்டும் என்ற நம்பகப் பொறுப்பு அதில் இருக்கிறது. அறங்காவலர்மீதும் முதலீட்டு ஆலோசகர்மீதும் சுமத்துகிற அதே பொறுப்பு. பிரான்ஸில் 2017 முதல் மாடல்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். உடலமைப்பைத் திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிடவும் வேண்டும்.

மற்ற இடங்களில் ஒப்பந்தம்தான் கதி. தங்கை கையெழுத்திட்டதன் நகல் அவரிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள், ஃபோனில் அல்ல.

பிப்ரவரி 10

ஆண்டு மாநாட்டுக்குப் போவதா, கருவூல நிர்வாகிகள் சங்கத்தின் சிறிய கூட்டத்துக்குப் போவதா என்று கேட்கிறீர்கள்.

ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் எல்லோரும் கூடுவதற்குப் பலன் உண்டு. 1943-இல் போர் காரணமாகப் பத்திரிகையாளர்கள் பாரிஸுக்குப் போக முடியாதபோது, எலினார் லாம்பர்ட் நியூயார்க்கில் பிரஸ் வீக் என்று ஒன்றைக் கூட்டி அமெரிக்க வடிவமைப்பாளர்களை அவர்கள் கண்ணில் படவைத்தார். இன்றைய நியூயார்க் ஃபேஷன் வாரத்தின் மூலம் அதுதான். ஆனால் அங்கே பார்க்க வந்தவர்கள் வேறு, காட்டியவர்கள் வேறு. உங்கள் ஆண்டு மாநாட்டில் அரங்கம் முழுக்கக் கடன் மதிப்பீட்டாளர்கள். காட்டுபவர்கள் ஆயிரம் பேர், பார்ப்பவர் யாருமில்லை.

சிறிய கூட்டத்துக்குப் போங்கள். கருவூலப் பிரிவினர் நடுவில் கடன் மதிப்பீட்டாளர் ஒருவர் நின்றால் பேச்சுக்குப் பஞ்சம் வராது. வங்கி தங்களை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கே ஆவல் இருக்கும். உங்கள் வங்கியைப் பற்றிச் சொல்லாமல் பொதுவான முறையைச் சொல்லுங்கள்.

போகும் முன் அந்த ஒரு பக்கக் குறிப்பைத் திருத்தி இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன். நேற்று நீங்கள் காட்டிய வரைவில் விகிதங்கள் எல்லாம் அட்டவணைக்குள் அடைந்து கிடக்கின்றன. வட்டியைக் கட்டும் திறன் மூன்று ஆண்டுகளாகக் குறைந்துவருகிறது என்பதை முதல் பத்தியிலேயே வாக்கியமாக எழுதுங்கள். அட்டவணை கீழே போகட்டும். எழுத்தின் அளவையும் கொஞ்சம் பெரிதாக்குங்கள், கருவூல மேலாளர்களுக்கு என் வயதுதான் இருக்கும்.